ப்ரீகால்குலஸ்: வீட்டுக்கணக்கு எல்லாம் சரி, டெஸ்டில் மட்டும் ஏன் சறுக்குகிறது?

நித்யகல்யாணி:

எல்லோருக்கும் வணக்கம். மகள் அமெரிக்காவில் ஹைஸ்கூல் பதினோராம் வகுப்பு. போன வருஷம் அல்ஜீப்ரா 2-ல் ஏ வாங்கினாள். இந்த வருஷம் ப்ரீகால்குலஸ். வீட்டுக்கணக்கு தினமும் முடித்துவிடுகிறாள், அதில் மதிப்பெண்ணும் குறைவதில்லை. டெஸ்ட் என்று வந்தால் சி. "கிளாஸ்ல புரியுதும்மா, பேப்பரைப் பார்த்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்கிறாள். வீடியோ நிறைய பார்க்கிறாள். நான் காமர்ஸ் படித்தவள். பக்கத்தில் உட்காரலாம், சொல்லிக்கொடுக்க முடியாது.

கடைசி டெஸ்டில் மதிப்பெண் போன மூன்று கணக்குகளை அவள் எழுதியபடியே தருகிறேன்.

1) எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² − 3எக்ஸ். [எஃப்(எக்ஸ் + ஹெச்) − எஃப்(எக்ஸ்)] / ஹெச் என்ன? அவள் விடை: 1.

2) 2 சைன்² எக்ஸ் = சைன் எக்ஸ். 0 முதல் 2பை வரை (2பை சேராது) தீர்வுகள் என்ன? அவள் விடை: பை/6, 5பை/6.

3) லாக் எக்ஸ் + லாக் (எக்ஸ் − 3) = 1, லாக் என்றால் மடக்கை, அடிமானம் 10. அவள் விடை: 5, −2.

ப்ரீகால்குலஸ் என்பது கால்குலஸின் முதல் பாகமா? அலகு வட்டத்தை (ஆரம் 1 உள்ள வட்டம்) முழுசாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? பள்ளியில் ஏபி ப்ரீகால்குலஸும் (கல்லூரி கிரெடிட் கிடைக்கக்கூடிய, கல்லூரித் தரப் பாடம்) இருக்கிறது, அடுத்த வருஷம் அதை எடுக்கச் சொல்லி ஒரு தோழி சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மடக்கை மாமா:

முதல் கணக்கை மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன். குழந்தை எஃப்(எக்ஸ் + ஹெச்) என்பதை எஃப்(எக்ஸ்) + ஹெச் என்று படித்திருக்கிறாள். அப்படிப் படித்தால் மேலே ஹெச் மட்டும் மிஞ்சும், கீழேயும் ஹெச், விடை 1. தான் படித்தபடி சரியாகத்தான் போட்டிருக்கிறாள். படித்ததுதான் வேறு.

சாக்பீஸ்:

மாமா சொன்னதுதான். நான் இந்தப் பாடத்தைப் பல வருஷமாக நடத்துகிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடம், மூன்று தப்பும் மூன்று வகை. ஆனால் ஒன்றுகூட ஃபார்முலா மறந்ததால் வந்ததில்லை. இன்னும் நாலு ஃபார்முலா ஷீட் வாங்கிக் கொடுப்பதால் எதுவும் மாறாது.

முதல் கணக்கு. எஃப் என்பது ஒரு சார்பு, அதாவது ஒரு கட்டளை. அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறதோ அதை முழுசாக எடு, வர்க்கம் செய், அதன் மூன்று மடங்கைக் கழி. எக்ஸ் என்ற எழுத்துக்கு அங்கே தனி மரியாதை ஒன்றும் கிடையாது. அவளை இப்படி எழுதச் சொல்லுங்கள்:

எஃப்(□) = □² − 3□

இனி கட்டத்துக்குள் 2 போடு, −1 போடு, அ போடு, அ² போடு. கடைசியில் (எக்ஸ் + ஹெச்) போடு, அடைப்புக்குறியோடு. அப்போது:

(எக்ஸ் + ஹெச்)² − 3(எக்ஸ் + ஹெச்) = எக்ஸ்² + 2எக்ஸ்·ஹெச் + ஹெச்² − 3எக்ஸ் − 3ஹெச்

இதிலிருந்து எக்ஸ்² − 3எக்ஸ் போனால் மிச்சம் 2எக்ஸ்·ஹெச் + ஹெச்² − 3ஹெச். ஹெச்சால் வகுத்தால் 2எக்ஸ் + ஹெச் − 3. அடுத்த வருஷம் கால்குலஸில் "ஹெச் பூஜ்யத்தை நெருங்கினால் என்ன ஆகும்" என்று கேட்பார்கள். 2எக்ஸ் − 3 ஆகும், அவ்வளவுதான். அந்தக் கடைசி ஒரு அடிதான் கால்குலஸ். அதற்கு மேலே உள்ள வரிகள் எல்லாம் இந்த வருஷப் பாடம். கால்குலஸில் திணறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த மேல் வரிகளில்தான் திணறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

இரண்டாவது கணக்கு. இரண்டு பக்கத்தையும் சைன் எக்ஸால் வகுத்துவிட்டாள். சைன் எக்ஸ் பூஜ்யமாக இருந்தால்? பூஜ்யத்தால் வகுக்கக்கூடாது என்று சின்ன வகுப்பிலேயே படித்ததுதான், ஆனால் பூஜ்யம் வேஷம் போட்டுக்கொண்டு வந்தால் தெரிவதில்லை. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்த வேண்டும்: சைன் எக்ஸ் (2 சைன் எக்ஸ் − 1) = 0. அப்போது 0, பை, பை/6, 5பை/6 என்று நாலு தீர்வு. அவள் வகுத்தபோது முதல் இரண்டும் காணாமல் போய்விட்டன.

மூன்றாவதில் இயற்கணிதம் முழுக்கச் சரி. எக்ஸ்² − 3எக்ஸ் = 10, அதிலிருந்து 5, −2. ஆனால் −2-ஐக் கொண்டுபோய் முதல் வரியில் வைத்துப் பார்க்கவில்லை. குறை எண்ணுக்கு லாக் இல்லை. ஆகவே 5 மட்டும்.

இந்த மூன்றிலும் பொதுவாக ஒன்று தெரிகிறது. அவள் குறிகளைச் சரியாக நகர்த்துகிறாள். அந்தக் குறிகள் ஒரு சார்பைப் பற்றிப் பேசுகின்றன, அதற்குச் சார்பகம் என்று ஒரு எல்லை இருக்கிறது, எந்த எண்ணை உள்ளே விடலாம் எதை விடக்கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. அல்ஜீப்ரா 2-ல் அது பிடிபடாமலேயே ஏ வாங்கலாம். இங்கே முடியாது.

நித்யகல்யாணி:

சார், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அப்படியென்றால் வீட்டுக்கணக்கில் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது?

சாக்பீஸ்:

வீட்டுக்கணக்கின் தலைப்பைப் பாருங்கள். "மடக்கைச் சமன்பாடுகள்" என்று போட்டிருக்கும். கீழே இருபது கணக்கும் அதே வகை. எந்த முறையைப் பயன்படுத்துவது என்ற முடிவைத் தலைப்பே எடுத்துவிடுகிறது. டெஸ்டில் தலைப்பு கிடையாது. "எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்று அவள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆரம்பிப்பதை அவள் பழகவே இல்லை.

மருந்து: பழைய பாடங்களிலிருந்து கணக்குகளைக் கலந்து எடுத்துப் போடுவது. கலந்து பயிற்சி செய்தால் அந்த நேரத்தில் தடுமாற்றமாகத்தான் இருக்கும், ஆனால் பிற்பாடு நடக்கும் தேர்வில் அதுவே நன்றாக நிற்கிறது என்று கற்றல் பற்றிய ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. இன்னொன்றும் செய்யலாம். பத்து கணக்கை எடுத்து, ஒன்றையும் தீர்க்காமல், ஒவ்வொன்றுக்கும் முதல் வரியை மட்டும் எழுதி, ஏன் அந்த வரி என்று வாயால் சொல்வது. இதற்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், கணக்கு தெரிய வேண்டாம். அவள் சொல்வது உங்களுக்குப் புரியவில்லை என்றால், பல நேரம் அவளுக்கும் புரியவில்லை என்று அர்த்தம்.

வீடியோ பார்ப்பதைக் குறைக்கச் சொல்லுங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால், கேள்வி திரையில் வந்ததும் நிறுத்திவிட்டு, தானே ஒரு முறை போட்டுப் பார்த்த பிறகு ஓடவிடட்டும்.

எதிர்க்கட்சி:

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. இந்தப் பாடமே எல்லாப் பிள்ளைகளுக்கும் எதற்கு? கால்குலஸ் பக்கமே போகாத பிள்ளை புள்ளியியல் படித்தால் வாழ்க்கைக்கு உதவும். அலகு வட்டத்தைப் பரீட்சைக்கு அப்புறம் யார் தொட்டார்கள்?

மடக்கை மாமா:

புள்ளியியல் படிப்பது நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் மடக்கையைத் தெரியாமல் பல செய்திகளையே படிக்க முடியாது ஐயா. நிலநடுக்க அளவு 6-க்கும் 7-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று நினைப்பவர்கள் எத்தனை பேர்? அதிர்வின் வீச்சு பத்து மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. அமிலத்தன்மைக்கான பிஹெச், ஒலிக்கான டெசிபல், இரண்டும் மடக்கை அளவுகள்தான்.

என் காலத்தில் மடக்கை அட்டவணைப் புத்தகம் கையில் இருக்கும். 1614-ல் நேப்பியர் தன் அட்டவணையை வெளியிட்டதே பெருக்கலைக் கூட்டலாக மாற்றிக் கணக்கிடுவோரின் உழைப்பை மிச்சப்படுத்தத்தான். லாக் (அ × ஆ) = லாக் அ + லாக் ஆ என்பது அந்த வேலையையே சொல்கிற வரி. அதை அட்டவணையில் கை வைத்துப் பழகியவன் லாக் (அ + ஆ)-வை லாக் அ + லாக் ஆ என்று பிரிக்க மாட்டான். இப்போது பிள்ளைகள் விதியை மட்டும் படிக்கிறார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம்.

பாப்பாவுக்கு ஒரு கணக்கு தருகிறேன், கால்குலேட்டர் வேண்டாம். 2-ன் அடுக்கு 10 = 1024, ஏறக்குறைய 1000. ஆகவே லாக் 2 ஏறக்குறைய 0.3. சரியாகச் சொன்னால் 0.301. அப்படியானால் 2-ன் அடுக்கு 100-க்கு எத்தனை இலக்கம்? 100 × 0.301 = 30.1. அதாவது இது 10-ன் அடுக்கு 30-க்குச் சற்று மேல், ஆகவே 31 இலக்கம். அந்த எண்ணை எழுதிப் பார்க்காமலேயே எத்தனை இலக்கம் என்று சொல்லிவிட்டோம். இதைப் போட்டுப் பார்த்தவளுக்கு லாக் என்பது அடுக்கைக் கேட்கிற கேள்வி என்று தானாகப் புரியும்.

அலகு வட்டத்துக்கு வருகிறேன். மனப்பாடம் செய்யட்டும். வாய்ப்பாடு மாதிரிதான். யோசிக்காமல் வர வேண்டும்.

கோணமானி:

மாமா, அங்கேதான் ஒத்துவரவில்லை. நான் இப்போது எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். ஹைஸ்கூலில் அலகு வட்டத்தின் பதினாறு புள்ளிகளையும் பாட்டு மாதிரி ஒப்பித்தவர்கள் என் கூட இருந்தார்கள். 7பை/6-க்கு சைன் கேட்டால் பாட்டின் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். நடுவில் ஒன்று பிசகினால் எல்லாம் போச்சு.

தேவை இரண்டே முக்கோணம். ஒரு சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் 45-45-90. சமபக்க முக்கோணத்தைப் பாதியாக்கினால் 30-60-90. கர்ணம் 1 என்று வைத்தால் பக்கங்கள் 1/2, √2/2, √3/2. இவ்வளவுதான் மொத்தச் சரக்கு. மற்ற மூன்று கால்பகுதிகளும் முதல் கால்பகுதியின் பிரதிபலிப்பு. 7பை/6 என்பது பை-யைத் தாண்டி பை/6. மூன்றாம் கால்பகுதி, இரண்டு அச்சுகளிலும் குறை. ஆகவே சைன் −1/2, காஸ் −√3/2. படம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

மடக்கை மாமா:

டெஸ்டில் ஒவ்வொரு தடவையும் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தால் மணி அடித்துவிடும் தம்பி.

கோணமானி:

ஒரு வாரம் வரைந்தால் அப்புறம் வரையவே வேண்டாம் மாமா, தானாக நினைவில் நிற்கும்.

சாக்பீஸ்:

இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறீர்கள், வழி வேறு. என் ஓட்டு கோணமானிக்கு. முதலில் வரைந்து பழகிய பிறகு தங்கும் மனப்பாடம், மறந்தாலும் மறுபடி கிடைக்கும். ஒப்பித்தது மறந்தால் மறந்ததுதான்.

ரேடியன் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பிள்ளைகள் அதை "டிகிரியை 180-ஆல் வகுத்து பை-யால் பெருக்குவது" என்று மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆரம் எவ்வளவோ அதே நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, வட்டத்தின் விளிம்பில் வளைத்து ஒட்டினால், அது மையத்தில் தாங்கும் கோணம் 1 ரேடியன். ஏறக்குறைய 57.3 டிகிரி. அதனால்தான் வில்லின் நீளம் = ஆரம் × கோணம் என்று ஒட்டு எதுவும் இல்லாமல் வருகிறது. 360 என்பது மனிதர்கள் வைத்த எண். ரேடியனை வட்டமே தருகிறது. கால்குலஸில் சைனின் வகைக்கெழு (அது மாறும் வேகம்) காஸ் என்று சுத்தமாக வருவது ரேடியனில் மட்டும்தான். டிகிரியில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் பை/180 என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும்.

கால்குலேட்டர் எந்த மோடில் இருக்கிறது என்று டெஸ்டுக்கு முன் பார்க்கச் சொல்லுங்கள். சைன் 30 அடித்து −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது.

இரண்டாவது பெஞ்ச்:

ஏபி ப்ரீகால்குலஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் பையன் எடுத்தான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு அதைத் தொடங்கியது 2023–24 கல்வியாண்டில். முதல் தேர்வு 2024 மே. பாடம் நாலு அலகு: பல்லுறுப்புக்கோவை, விகிதமுறு சார்புகள்; அடுக்குக்குறி, மடக்கைச் சார்புகள்; முக்கோணவியல், போலார் சார்புகள்; கடைசியாக அளபுருக்கள், வெக்டர், அணிகள். தேர்வில் முதல் மூன்று அலகுகள் மட்டும்தான் வரும். நாலாவதை நடத்துவதும் விடுவதும் பள்ளியின் விருப்பம்.

தேர்வு மூன்று மணி நேரம். 40 கொள்குறி வினா, அதில் 28 கால்குலேட்டர் இல்லாமல், 12 கால்குலேட்டரோடு. அப்புறம் எழுதிக் காட்ட வேண்டிய வினா நாலு, அதில் இரண்டுக்குக் கால்குலேட்டர் உண்டு, இரண்டுக்கு இல்லை. கொள்குறிப் பகுதிக்கு 62.5 சதவீதம், மிச்சம் எழுத்துப் பகுதிக்கு.

மேடம், உங்கள் மகள் இந்த வருஷமே ப்ரீகால்குலஸ் படிக்கிறாள் என்றால், அடுத்த வருஷம் அதையே ஏபி பெயரில் மறுபடி படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எஞ்சினியரிங், இயற்பியல் பக்கம் போனால் கல்லூரியில் கணக்கு பொதுவாகக் கால்குலஸில்தான் ஆரம்பிக்கும். ப்ரீகால்குலஸ் கிரெடிட் கிடைத்தாலும் டிகிரிக்குள் எண்ணப்படாமல் போகலாம். சேர நினைக்கும் கல்லூரியின் ஏபி கிரெடிட் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கவுன்சிலர் சொன்னார், தோழி சொன்னார் என்று போகாதீர்கள்.

எதிர்க்கட்சி:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பெயருக்கு முன்னால் ஏபி இருந்தால் போதும், எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

இரண்டாவது பெஞ்ச்:

அப்படி ஒரேயடியாகவும் சொல்ல மாட்டேன். கால்குலஸ் எடுக்கப் போகாத பிள்ளைக்கு, கல்லூரியில் ஒரு கணக்குப் பாடம் கட்டாயம் என்று இருந்தால், இந்தக் கிரெடிட் அதை முடித்துவைக்கக்கூடும். யாருக்கு என்பதுதான் கேள்வி.

கோணமானி:

கால்குலேட்டர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கிராஃப் வரையும் டெஸ்மாஸ் கால்குலேட்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே? கல்லூரிச் சேர்க்கைக்கான டிஜிட்டல் எஸ்ஏடி தேர்விலேயே அது உள்ளே வருகிறது. ஸ்லைடரை இழுத்து இழுத்துப் பார்த்தால் கிராஃப் எப்படி நகர்கிறது என்று கண்முன் தெரியும். நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

சாக்பீஸ்:

நல்ல கருவி, நானும் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். ஒரே நிபந்தனை: இழுப்பதற்கு முன் எங்கே போகும் என்று பிள்ளை சொல்ல வேண்டும்.

√(2எக்ஸ் − 6) எங்கே ஆரம்பிக்கும் என்று கேளுங்கள். "6 வலது பக்கம்" என்று பாதி வகுப்பு சொல்லும். உள்ளே உள்ளது பூஜ்யமாவது எக்ஸ் 3 ஆகும்போது. 2(எக்ஸ் − 3) என்று வெளியே எடுத்து எழுதினால்தான் உண்மையான நகர்வு தெரியும். ஊகித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், தப்பான ஊகம் தானே வெளியே வரும். படத்தை முதலில் பார்த்தால் "ஆமா, அப்படித்தான்" என்று தலை ஆட்டுவதோடு சரி.

அப்புறம் படம் மறைக்கும் விஷயங்களும் உண்டு. (எக்ஸ்² − 4)/(எக்ஸ் − 2) வரைந்து பாருங்கள். நேர்கோடு ஒன்று முழுசாகத் தெரியும். ஆனால் எக்ஸ் 2-ல் அந்தச் சார்பே இல்லை, (2, 4)-ல் ஒரு ஓட்டை. தொகுதியில் இருக்கும் 4-ஐ 5 என்று மாற்றுங்கள். பகுதி அதேதான், ஆனால் இப்போது 2-ல் தொகுதி −1, பூஜ்யம் இல்லை. கிராஃப் ஒரு பக்கம் விண்ணுக்கும் மறுபக்கம் பாதாளத்துக்கும் பாய்கிறது, நடுவில் ஒரு செங்குத்துத் தொலைத்தொடுகோடு, அதாவது கிராஃப் நெருங்கிக்கொண்டே போய்த் தொடாத கோடு. ஒரே ஒரு எண்ணை மாற்றியதற்கு இவ்வளவு. ஏன் என்று கையால் காரணிப்படுத்தினால்தான் தெரியும்: முதலாவதில் (எக்ஸ் − 2) மேலும் கீழும் அடிபடுகிறது, இரண்டாவதில் அடிபடுவதில்லை. அடுத்த வருஷம் எல்லை (லிமிட்) என்ற பாடம் தொடங்குவதே கிட்டத்தட்ட இந்த ஓட்டையிலிருந்துதான்.

ப்ரீகால்குலஸ் கால்குலஸின் முதல் பாகமா என்று கேட்டீர்களே மேடம், அதற்கும் இதுதான் பதில். முதல் பாகம் இல்லை. கால்குலஸ் யாரைப் பற்றிப் பேசப்போகிறதோ அவர்களையெல்லாம் முன்கூட்டியே அறிமுகம் செய்துவைக்கும் பாடம். கணித மேதை ஆய்லர் 1748-ல் இரண்டு தொகுதியாக ஒரு நூல் வெளியிட்டார். வகைக்கெழு இல்லை, தொகையீடு இல்லை, முதல் தொகுதியில் சார்புகள், அடுக்குக்குறி, மடக்கை, சைன், காஸ், இரண்டாவதில் வளைகோடுகள். வகைநுண்கணிதம் பற்றிய அவருடைய நூல் வந்ததே 1755-ல்தான். முன்னதன் முன்னுரையில், மேற்கணிதம் படிக்க வருகிறவர்கள் திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம் அவர்களுக்குச் சாதாரண இயற்கணிதமே போதாததுதான் என்று எழுதியிருக்கிறார். நாங்கள் ஸ்டாஃப் ரூமில் புலம்புவதை அந்த மனுஷர் அப்போதே புலம்பிவிட்டார்!

எதிர்க்கட்சி:

ஆய்லரே சொல்லிவிட்டாரா, சரி, இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் முக்கோணவியல் முற்றொருமைகளை (எந்தக் கோணத்துக்கும் பொருந்தும் சமன்பாடுகள்) நிரூபி, நிரூபி என்று பக்கம் பக்கமாகக் கொடுப்பது மட்டும் சித்திரவதைதான், அதில் மாற்றமில்லை.

கோணமானி:

அதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வித்தை ரொம்ப எளிது. குழப்பமான பக்கத்திலிருந்து ஆரம்பி. எல்லாவற்றையும் சைன், காஸாக மாற்று. பின்னங்களைச் சேர். டேன் + காட் என்று இருந்தால் சைன்/காஸ் + காஸ்/சைன். பொதுப் பகுதி எடுத்தால் மேலே சைன்² + காஸ்², அது 1. ஆக 1/(சைன் × காஸ்), அதுவே செக் × கோசெக். இதில் டிரிக் எங்கே இருக்கிறது? பின்னம் கூட்டத் தெரிய வேண்டும், அவ்வளவே.

சைன் (அ + ஆ) = சைன் அ + சைன் ஆ என்று எழுதத் தோன்றினால் உடனே 30-ஐயும் 60-ஐயும் போட்டுப் பார்க்கவும். இடது பக்கம் 1, வலது பக்கம் 1.366. சைன் 1-ஐத் தாண்டாது என்பதாவது ஞாபகம் வரும். சந்தேகம் வந்தால் எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கு அரை நிமிஷம் போதும். அதை மட்டும் ஏனோ யாரும் செய்வதில்லை.

மடக்கை மாமா:

ஆசிரியர்கள் அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது தம்பி, சொல்ல நேரம் எங்கே?

நித்யகல்யாணி:

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. ஏபி ப்ரீகால்குலஸ் யோசனையை விட்டுவிட்டோம். கட்டம் போட்டு எழுதுவது அவளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. மூன்று கணக்கையும் தானே மறுபடி போட்டு, எங்கே தப்பு என்று எனக்கே விளக்கினாள். முதல் வரி மட்டும் எழுதும் பயிற்சியும் நடக்கிறது. நடுநடுவே "அம்மா, உனக்குப் புரியலன்னு சும்மா சொல்றியா, நிஜமாவா?" என்று சண்டை.

இப்போது ஒரு புதுச் சந்தேகம். எஃப்(எக்ஸ்) = (எக்ஸ் + 2)/(எக்ஸ் − 1). இதன் நேர்மாறு கண்டுபிடிக்க வேண்டும். போட்டு முடித்தால் அதே (எக்ஸ் + 2)/(எக்ஸ் − 1) வந்ததாம். "கேள்வியே விடையா வருது, எங்கயோ தப்பு" என்று மூன்று முறை அழித்து அழித்துப் போட்டு, கடைசியில் எதையும் எழுதாமல் விட்டுவிட்டாள். எங்கே தப்பு சார்?

சாக்பீஸ்:

எங்கேயும் தப்பில்லை! அவள் விடை சரி.

ஒய் = (எக்ஸ் + 2)/(எக்ஸ் − 1) என்று வைத்துக் குறுக்கே பெருக்கினால் எக்ஸ்·ஒய் − ஒய் = எக்ஸ் + 2. எக்ஸ் உள்ளதெல்லாம் ஒரு பக்கம்: எக்ஸ்(ஒய் − 1) = ஒய் + 2. ஆகவே எக்ஸ் = (ஒய் + 2)/(ஒய் − 1). அச்சு அசல் அதே சார்பு.

நேர்மாறு என்பது செய்ததைத் திருப்பிச் செய்வது. சில சார்புகள் தாங்களே தங்களைத் திருப்பிவிடும். கட்டத்துக்குள் 4 போடச் சொல்லுங்கள், 6/3 = 2 வரும். அந்த 2-ஐ மறுபடி அதே சார்பில் போட்டால் 4/1 = 4. போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. கிராஃப் வரைந்தால் ஒய் = எக்ஸ் என்ற கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். அதையும் வரைவதற்கு முன் அவளே சொல்லட்டும்.

அழித்ததுதான் எனக்கு வருத்தம். விடை விசித்திரமாக இருந்தால் அழிப்பதற்கு முன் ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும், கோணமானி மேலே சொன்ன மாதிரி.

சரி, இதையும் கொடுங்கள். தொகுதியில் இருக்கும் 2-ஐ எடுத்துவிட்டு வேறு எண் எதைப் போட்டாலும் இது இப்படியே நடக்கும். 7 போடலாம், −10 போடலாம், பை கூடப் போடலாம். ஒரே ஒரு எண்ணைப் போட்டால் மட்டும் நேர்மாறே இருக்காது. அது எது, ஏன் என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

கோணமானி:

−1.

சாக்பீஸ்:

உங்களை யார் கேட்டார்கள் தம்பி?

நித்யகல்யாணி:

அவளுக்கு இந்தப் பதிலைக் காட்டவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மேலும் கீழும் ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறாள்.